காரில் பியூஸ் மாற்றும் முறை

திருவெள்ளறைப் பகுதியிலிருந்து விடியுமுன் காய்கறி ஏற்றிக்கொண்டு துறையூர் சாலை வழியாகத் திருச்சி சந்தைக்குச் செல்லும் உழவருக்கு, வழியில் முகப்பு விளக்குகள் அணைந்துவிட்டால் பெரும் ஆபத்து. அந்நேரத்தில் மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார். காரிலும் சிறு வேனிலும் இத்தகைய கோளாறுக்குப் பல நேரங்களில் பியூஸ் போனதே காரணமாகும். இதனை உழவர்களே மாற்றிக்கொள்ளலாம்.

பியூஸின் வேலை

ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, வயருக்குப் பியூஸ் அப்படி. அளவுக்கு மீறி மின்சாரம் பாயும்போது பியூஸ் கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்கிறது, வயர் தப்புகிறது. எடுத்துக்காட்டாக, 55 வாட் விளக்குகள் இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் எரிய சுமார் 9 ஆம்பியர் தேவை. அதற்கு 15 ஆம்பியர் பியூஸ் இருக்குமிடத்தில் 30 ஆம்பியர் போட்டால், பியூஸ் உருகுமுன் வயர் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

இருக்குமிடம்

பெரும்பாலான கார்களில் ஒரு பெட்டி ஸ்டீயரிங் அருகே டாஷ்போர்டின் கீழும், மற்றொன்று என்ஜின் பகுதியில் பேட்டரிக்கு அருகிலும் இருக்கும். எந்தப் பியூஸ் எதற்கு என்பது மூடியிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் கண்ணாடிக் குழாய் பியூஸ் உண்டு. இக்காலத் தகட்டுப் பியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை நிறமாகும்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சாலையின் இடப்புறம் ஒதுக்கி நிறுத்தி, கைப்பிரேக் போடவும். விளக்கு முதலிய சுவிட்சுகளை அணைத்துச் சாவியை எடுத்துவிடவும்.

2. ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் முதலில் பல்பைப் பார்க்கவும்.

3. உரிய பியூஸைப் பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக இழுக்கவும். இரும்புக் குறடு கூடாது.

4. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். உள்கம்பி அறுந்தோ கருகியோ இருந்தால் பியூஸ் போய்விட்டது.

5. அதே ஆம்பியரும் அதே வடிவமும் உள்ள புதியதை அழுத்திப் பொருத்தி, சாவி போட்டுச் சோதிக்கவும்.

மீண்டும் போனால்

புதிய பியூஸும் உடனே போனால் மேலும் மாற்றிப் பயனில்லை. எங்கோ வயர் உடம்பில் உரசுகிறது என்று பொருள். வைக்கோற்போர் அருகே நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடிப்பதுண்டு. பின்னர் சேர்த்த ஹாரன், விளக்கு வயர்களையும் பார்க்கவும். பழுதை எலக்ட்ரீஷியன் சரிசெய்த பின்னரே பியூஸ் போடவேண்டும்.

செய்யக்கூடாதவை

கிணற்று மோட்டாரின் பியூஸ் கட்டையில் கையில் கிடைத்த கம்பியைச் சுற்றும் பழக்கத்தை வண்டிக்குக் கொண்டுவர வேண்டாம். செம்புக்கம்பி, வெள்ளித்தாள், ஆணி எதுவும் பியூஸ் ஆகாது. திருகால் முடுக்கிய பெரிய பியூஸ்களையும், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களையும் தொடாமல் பயிற்சி பெற்றவரிடம் விடவும்.

வண்டிக்குரிய ஒவ்வோர் அளவிலும் இரண்டு பியூஸ்களும் ஒரு டார்ச்சும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். செலவு சொற்பம்; காப்பது சரக்கையும் உயிரையும்.