தீயின் துடிப்பைக் கணிப்பொறி கற்ற கதை



திரையில் ஒரு கோட்டை பற்றி எரிகிறது. எதிரே நிற்கும் வீரனின் முகத்தில் செம்மஞ்சள் ஒளி ஆடுகிறது. அவன் நிழல் மதிலின்மேல் தாவித் தாவி அசைகிறது. படம் பிடித்த இடத்தில் ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கப்படாமலே இக்காட்சியை இன்று உருவாக்க முடியும். தீயும் அதன் ஒளியும் கணிப்பொறியில் பிறந்தவை. நடிகர்களும் தொழிலாளர்களும் உண்மைத் தீயின் அருகே நிற்க வேண்டிய ஆபத்து இதனால் நீங்குகிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பொய்த் தீயை நம் கண் எளிதில் கண்டுபிடித்து விடுகிறது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் உண்மைத் தீயை முதலில் கவனிக்க வேண்டும்.

நிழல் ஏன் ஆடுகிறது?

காற்று அசையாத அறையில் ஓர் அகல் விளக்கை ஏற்றுங்கள். சுடர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். விறகு அடுப்பைப் பாருங்கள். காற்றே வீசாவிட்டாலும் அதன் தழல் துடித்துக் கொண்டே இருக்கும்.

சூடான வாயு லேசானது. அது மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று நாலாபுறமிருந்தும் அடியில் பாய்கிறது. எழும் வாயுவும் பக்கத்துக் காற்றும் உரசும் இடத்தில் வளையம் போன்ற சுழல் உண்டாகிறது. அந்தச் சுழல் தழலின் இடையை நெரித்தபடி மேலே போகிறது. தழலின் தலைப்பகுதி பிய்ந்து மறைகிறது. உடனே அடுத்த சுழல் பிறக்கிறது. இதுவே தீயின் துடிப்பு. இதை நடத்துவது புவியீர்ப்பு. எடையற்ற நிலையில் விண்கலங்களில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தபோது, சுடர் நீண்டு எழாமல் உருண்டையாக நின்றது.

தழல் உயரும்போது வெளிச்சம் கூடுகிறது, பிய்ந்ததும் குறைகிறது. அதோடு தழல் இடம் மாறுவதால் நிழலும் இடம் மாறுகிறது. மின்விளக்கு ஒன்றை ஒரே இடத்தில் வைத்து ஏற்றி இறக்கினால் வெளிச்சம் மாறுமே தவிர நிழல் நகராது. அதனால்தான் அது தீயைப் போல் தோன்றுவதில்லை.

பெரிய தீக்கு மெதுவான துடிப்பு

திண்டுக்கல் நகரிலோ வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சமவெளி ஊர்களிலோ வாழ்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. விறகு அடுப்பில் பிரியாணி வேகும் கடை ஒன்றை நீங்கள் அறிந்திருக்கலாம். கார்த்திகைத் திருநாளன்று கோயில் முன்னே பனையோலை சுற்றிய சொக்கப்பனை எரிவதையும் பார்த்திருக்கலாம். இரண்டும் ஒரே வேகத்தில் துடிக்கின்றனவா?

இல்லை. தீயின் அடி அகலத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 1.5-ஐ வகுத்தால், அது விநாடிக்கு எத்தனை முறை துடிக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். தரையில் பரவி எரியும் தீக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும்.

அடுப்புத் தழலின் அகலம் 25 செ.மீ., அதாவது 0.25 மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வர்க்கமூலம் 0.5. ஆகவே விநாடிக்கு 3 துடிப்பு. சொக்கப்பனை சரிந்து ஒரு மீட்டர் அகலக் குவியலாக எரிந்தால் விநாடிக்கு ஒன்றரைத் துடிப்பு. நான்கு மீட்டர் அகலத் தீ என்றால் விநாடிக்கு முக்கால் துடிப்புதான்!

ஊசல் பாடம் நினைவுக்கு வருகிறதா? நூலின் நீளம் நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரு மடங்காகும். தீயிலும் அகலம் நான்கு மடங்கானால் ஒரு துடிப்புக்கான நேரம் இரு மடங்காகிறது. இரண்டையும் இயக்குவது ஒரே புவியீர்ப்பு அல்லவா?

பொம்மைக் கோட்டையின் தொல்லை

கணிப்பொறி வருவதற்கு முன், சிறிய பொம்மைக் கோட்டையைக் கட்டி, அதை எரித்துப் படம் எடுப்பார்கள். பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை என்றால், நான்கு மீட்டர்த் தீக்குப் பதில் 25 செ.மீ. தீ. அது முக்கால் துடிப்புக்குப் பதில் 3 முறை துடிக்கும். பார்ப்பவர் உடனே ‘இது பொம்மை’ என்று சொல்லி விடுவார். ஆகவே விநாடிக்கு 24 படங்களுக்குப் பதில், நான்கு மடங்காக 96 படங்கள் எடுத்து, அவற்றை 24 படங்கள் வீதம் ஓட்டினார்கள். துடிப்பு நான்கில் ஒரு பங்கானது. தீ பெரியதாகத் தோன்றியது.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. தீ எவ்வளவு பெரியது என்பதை நம் கண் துடிப்பின் வேகத்தைக் கொண்டே மதிப்பிடுகிறது. கணிப்பொறியில் தீ வரைபவரும் இதை மறந்தால், அவருடைய எரிமலையும் அடுப்பாகிவிடும்.

கணிப்பொறிக்குக் கற்றுக் கொடுத்தது

விநாடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றிலும் வீரனின் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும்? ஒவ்வொரு படத்துக்கும் ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் கொடுத்தால், ஸ்டார்ட்டர் பழுதான குழல்விளக்குப் போல வெட்டி வெட்டி மின்னும். ஒரே சீராக ஏற்றி இறக்கினால் ஆம்புலன்ஸ் விளக்குப் போல ஆகிவிடும். தீ இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அடுத்த கணம் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது தாவுவதில்லை, வழுக்கிச் செல்கிறது.

இத்தகைய ‘வழுக்கும் தற்செயலை’ உண்டாக்கும் கணக்கு முறையை அமெரிக்கரான கென் பெர்லின் உருவாக்கி 1985-இல் வெளியிட்டார். ‘டிரான்’ (1982) என்ற படத்தில் பணியாற்றியபோது கணிப்பொறிப் படங்கள் இயந்திரத்தனமாக வழவழவென்று இருந்ததே அவரை இதில் ஈடுபடுத்தியது. இதற்காக 1997-இல் ஆஸ்கார் தொழில்நுட்பப் பரிசு பெற்றார். தழலின் உருவத்துக்கு வேறொரு வழி இருந்தது. வில்லியம் ரீவ்ஸ் என்பவர் ஆயிரக்கணக்கான ஒளித் துகள்களைப் பொறிகள் போல எறிந்து, ‘ஸ்டார் டிரெக் 2’ (1982) படத்தில் ஒரு கோளையே தீச்சுவர் சூழச் செய்தார். பின்னர், காற்றின் ஓட்டத்துக்கான சமன்பாடுகளையே கணிப்பொறி நேரடியாகத் தீர்க்கும் முறைகள் வந்தன. அதில் சுழலும் நெரிப்பும் தாமாகவே பிறக்கின்றன.

நிழல் ஆடுவதற்கு, தழலுக்குள் ஒரு விளக்குக்குப் பதில் மூன்று நான்கு கற்பனை விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளத்தில் ஏற்றி இறக்குகிறார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பகடையும் வரைபடத் தாளும் போதும். கிடைக்கோட்டில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு முறை பகடையை உருட்டுங்கள். விழுந்த எண் அளவு உயரத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகளை மூலை தெரியாமல் வளைகோட்டால் இணையுங்கள். இது தழலின் பெரிய துடிப்பு. அடுத்து, ஒவ்வொரு அரை செ.மீ.க்கும் உருட்டி, விழுந்த எண்ணில் பாதி உயரத்தில் வேறு நிறத்தில் இன்னொரு கோடு வரையுங்கள். இது சிறு நடுக்கம். இரண்டு உயரங்களையும் கூட்டி மூன்றாவது கோடு வரையுங்கள். தீயின் ஒளி உங்கள் தாளில்! பெர்லின் முறையின் எளிய உறவினன் இது.

ஓர் ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் இரண்டு புள்ளிகள் வேண்டும். விநாடிக்கு 3 முறை துடிக்கும் அடுப்புக்கு, இரு பெரும்புள்ளிகளுக்கு இடையே எத்தனை படங்கள் வரும்? சொக்கப்பனைக்கு எத்தனை? (விடை: 4, 8.)

அடுத்த கார்த்திகையன்று பெரியவர்களுடன் பாதுகாப்பான தொலைவில் நின்று, பத்து விநாடிகளில் தீ எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணுங்கள். 15-க்கு அருகில் வந்தால் தீ ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. திரைத் தீக்கு உதவும் அதே காற்றோட்டச் சமன்பாடுகளைக் கொண்டு, ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எத்தனை நிமிடத்தில் அறையை நிரப்பும், வாசல்கள் போதுமா என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. தீ மேலே எழும், அடியில் காற்றை இழுக்கும் என்ற சிறிய பாடம் எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பறைக்கு எத்தனை வாசல்கள் என்பதையும் நாளை ஒரு முறை எண்ணி விடுங்கள்.