ஒட்டுக் கள்ளிக்குச் சொந்த வேர்

நர்சரியில் வாங்கிய சின்னக் கள்ளித் தொட்டியை உற்றுப் பாருங்கள். மேலே உருண்டையாக ஒரு தலை, கீழே மூன்று பட்டை வைத்த பச்சைத் தண்டு. அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியுடையது. மெதுவாக வளரும் தலையை வேகமாகப் பெருக்க வைப்பதற்காக ஒட்டியிருப்பார்கள். ஆனால் சில வருஷத்தில் தண்டு மஞ்சளித்து அடியில் சொதசொதத்துப் போனால், தலையும் கூடவே போய்விடும். தண்டு நன்றாக இருக்கும்போதே தலையை அறுத்துச் சொந்த வேரில் நிறுத்திவிடுவது நல்லது.

முதலில் நிறத்தைப் பாருங்கள். முழுக்கச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும் உருண்டையை அறுக்கவே கூடாது. 1941-இல் ஜப்பானில் கண்டெடுக்கப்பட்ட வகையின் வழிவந்த இந்தச் செடிகளுக்கு உடம்பில் பச்சையம் கிடையாது. சாப்பாடு போடுவது அடித்தண்டுதான். பிரித்தால் பட்டினியில் சாகும். தண்டு கெட்டால் வேறு தண்டில் மறுபடி ஒட்டலாம், அவ்வளவுதான். பச்சை உடம்புள்ள ஜிம்னோகலிசியம், மாமில்லேரியா, எக்கினாப்சிஸ் தலைகளெல்லாம் நன்றாக வேர்விடும். ஒட்டு அடீனியத்தின் கிளையும் வேர்விடும்; ஆனால் விதைச்செடிக்கு வருவதுபோல அடி பருக்காது. அதை ஒட்டாகவே விட்டுவிடலாம்.

அடுத்தது மாதம். தென்காசி, குற்றாலம் பக்கம் இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை ஆடியில், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தபோது, ஒரு மாமில்லேரியாவை அறுத்துவிட்டேன். நாலு நாளாகியும் வெட்டுவாய் பிசுபிசுப்பாகவே இருந்தது. ஐந்தாம் நாள் நடுவில் மிளகளவு பழுப்புப் புள்ளி. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. சாரல் சீசன் காற்றில் ஈரம் அவ்வளவு. தை கடைசியிலிருந்து பங்குனி வரை அறுங்கள். ஆலங்குளம் பக்கம் இருப்பவர்களுக்குக் காய்ந்த காற்று அதிகம், இவ்வளவு பயம் வேண்டாம்.

புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒட்டின இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே ஒரே இழுப்பில் அறுங்கள். வெட்டுவாயின் நடுவில் நாணயம்போல ஒரு வட்டம் தெரியும்; வேர் வருவது அதிலிருந்துதான். தண்டின் சதை ஒட்டியிருந்தால் இன்னொரு மெல்லிய வில்லை சீவிவிடுங்கள். பிறகு பென்சில் சீவுவதுபோல ஓரத்தைச் சுற்றிலும் சாய்வாகச் செதுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். காயும்போது நடுச்சதை உள்ளே வாங்கும்; ஓரத்துத் தோல் விறைப்பாக நின்றால் நடுவட்டம் குழிக்குள் போய், வேர் மண்ணைத் தொடாது. கடைசியாக வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவுங்கள்.

தலையைக் காலி டம்ளரின் வாயில் நிமிர்த்தி உட்காரவைத்து, வெயில் படாத, காற்றோடும் இடத்தில் வையுங்கள். தென்காசியில் 10 நாள் போதும். குற்றாலத்தில் 15 முதல் 20 நாள் பொறுக்க வேண்டும். வெட்டுவாய் தேங்காய்ச் சிரட்டைபோல விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்பட வேண்டும். உடம்பு கொஞ்சம் சுருங்கினாலும் பதற்றம் வேண்டாம்.

தொட்டிக்கு மண்சட்டியே மேல்; தென்பொத்தையில் வனைகிறார்கள். சுவரே ஈரத்தை வெளியேற்றும். தலையின் அகலத்தைவிட இரண்டு விரல் பெரிதாக, அடியில் ஓட்டையுள்ளதாகப் பாருங்கள். மண்கலவைக்குச் சலித்த பருமணல் இரண்டு பங்கு, பட்டாணி அளவுச் செங்கல் துண்டு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. தென்னைநார்க் கழிவு இங்கே வேண்டாம், ஈரத்தை விடாது. அடியில் ஜல்லி பரப்புவதும் வேண்டாம், அது மண்ணின் ஆழத்தைத்தான் குறைக்கும். ஓட்டை மேல் ஒரு ஓட்டுச்சில் போதும்.

தலையைப் புதைக்காமல் மண்மேல் உட்காரவைத்து, சாயாதபடி சுற்றிலும் கூழாங்கல் முட்டுக் கொடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் கூடாது. பிறகு சட்டியின் ஓரமாக மட்டும், மண் காய்ந்த பிறகு கொஞ்சமாக. மூன்று முதல் ஆறு வாரத்தில் தலையை மெல்ல அசைத்தால் பிடிமானம் தெரியும். சுருங்கிய உடம்பு திரும்ப உப்பினால் வேர் குடிக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு காலை வெயில் காட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து, நாலைந்து தலைகளை அகலமான ஒரே தொட்டியில், இடையில் நாலு விரல் விட்டு நடலாம்.

சாரலுக்கு முன்பே தொட்டிக்கு இடம் பார்த்துவிடுங்கள். சாரல் மலைப்பக்கமிருந்து சாய்வாக அடிக்கும், மேலே கூரை மட்டும் இருந்தால் நனையும். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி, தாழ்வாரத்துக்குக் கீழே வையுங்கள். ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்து வரும். அப்போது தொட்டியை மேற்குப் பக்கம் மாற்றிவிட வேண்டும்.