காலைச் சாப்பாட்டை எதில் சுற்றுவது?

முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டியைக் கடதாசியோடு கையில் பிடித்துத் தின்று வளர்ந்த கொழும்புக்காரருக்குப் புரிட்டோவை யாரும் புதிதாய் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அளவுதான் பெரிது. முட்டை, உருளைக்கிழங்கு, பருப்பு, உறைப்பு எல்லாம் ஒரே சுருளுக்குள் போய்விடும். காலையில் ஒன்று தின்றால் மதியம்வரை வயிறு கேட்காது.

ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை வட மெக்சிக்கோவில் மெல்லிய ரொட்டியானது. அதில் பிறந்தது புரிட்டோ. அதைக் காலைச் சாப்பாடாக்கிய பெருமையை அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்துக்குக் கொடுப்பார்கள். சான்டா ஃபே நகரின் தியா சோஃபியாஸ் உணவகத்தில் 1975இல் அந்தப் பெயர் பட்டியலில் ஏறியதாகச் சொல்வதுண்டு. உள்ளே போகிற மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் அடுப்படியில் எப்போதோ குடியேறியவை. ஆகவே உள்ளே வைப்பதற்கு வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் செய்பவர் யோசிக்கவேண்டியது எதில் சுற்றுவது என்பதைத்தான்.

முதலில் நினைவுக்கு வருவது கோதம்ப ரொட்டி. எண்ணெயில் மணிக்கணக்காக ஊறிய மா உருண்டையைக் கடைக்காரர் மேசையில் தட்டி, இரண்டு வீச்சில் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு விரித்துவிடுவார். குழைத்த மாவில் உண்டாகும் பசைப்புரதம் ஊறும்போது தளர்ந்து கொடுப்பதால்தான் அது கிழியாமல் நீள்கிறது. இதை வீட்டில் பழகப்போய் கிழமை நாள் காலையை வீணாக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பின்னேரம் திறக்கிற ரொட்டிக் கடைகளில் வெறும் ரொட்டி வாங்கலாம். இரவே மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் வாட்டினால் போதும். வீட்டு மேசையிலேயே சுடச்சுடச் சாப்பிடுவதென்றால் இதற்கு நிகர் வேறொன்றும் இல்லை. ஆறினால்தான் வில்லங்கம்: ரொட்டி இறுகும், எண்ணெய் விரலில் ஒட்டும். மெல்லியது என்பதால் ஈரமான கறியையும் தாங்காது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டியிருக்கும்.

வேலைக்கோ பாடசாலைக்கோ கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மெக்சிக்கோ முறையே நல்லது. 250 கிராம் வெள்ளைக் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெயை முதலில் மாவோடு விரலால் பிசிறிக்கொண்டு, பிறகு 130 முதல் 140 மில்லிலீற்றர் சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். ஐந்து உருண்டையாக்கி, ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் விட்டுவிட வேண்டும். இந்த அரை மணித்தியாலத்தைக் களவெடுத்தால் தேய்க்கத் தேய்க்க மா சுருங்கித் தொல்லை தரும். பிறகு மெல்லியதாகத் தேய்த்து, தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விடாமல் பக்கத்துக்கு 30, 40 வினாடி சுட வேண்டும். புள்ளி புள்ளியாகக் கருகியதும் எடுத்துத் துணிக்குள் பொதிந்துவிட வேண்டும். மிஞ்சுகிற ஆவிதான் அதை வளைகிற பதத்தில் வைத்திருக்கும். ஆட்டா மாவிலும் சுடலாம், ஆனால் மடிப்பில் வெடிக்கிற சாத்தியம் கூட.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1980இலிருந்து திருகோணமலையில் பிறீமா ஆலை இறக்குமதிக் கோதுமையைத்தான் அரைக்கிறது. 2022 நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது பாண், ரொட்டி, கொத்து எல்லாமே சேர்ந்து ஏறின. அப்படியிருந்தும் வீட்டில் சுடுகிற ஐந்து ரொட்டிக்கு ஆகும் செலவு, சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற டோர்டில்லா பக்கெற்றைவிட எவ்வளவோ குறைவு. அந்தப் பக்கெற் ரொட்டி அவசரத்துக்கு உதவும். சுவையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

தேங்காய்ப்பூ ரொட்டியைச் சுற்ற முயன்று மனம் நோக வேண்டாம். திருவிய தேங்காய் மாவின் பசையை இடையிடையே அறுத்துவிடுவதால் அது மடங்காது, உடையும். முட்டையையும் சம்பலையும் அதன்மேல் பரப்பிச் சாப்பிடலாம், அது வேறு சாப்பாடு. தோசை சுடும்போது நன்றாக மடங்கும், அலுமினியத் தாளில் கட்டினால் வேர்த்துத் துவண்டுவிடும். முட்டை அப்பம் சட்டியைவிட்டு இறங்கிய கையோடு தின்னவேண்டியது.

உள்ளடக்கத்துக்கு ஒரே எதிரி தண்ணீர். மைசூர்ப் பருப்பைச் சோற்றுக்கு வைப்பதுபோல் தண்ணியாக வைக்காமல், கரண்டியில் அள்ளினால் விழாத பதத்துக்கு வற்றவைக்க வேண்டும். உருளைக்கிழங்கைச் சின்னச் சதுரமாக வெட்டி அவித்து, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய், மஞ்சளோடு பிரட்டினால் ஓரம் மொறுமொறுக்கும். டின் மீனை வடித்துவிட்டு வெங்காயம், பச்சை மிளகாயோடு வதக்கி, அடுப்பை அணைத்தபின் தேசிக்காய் பிழிவது நல்லது. முட்டையைக் குறைந்த நெருப்பில் கிளறி, ஈரம் வற்றியதும் எடுத்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கும் வீடுகளில் கௌபி கைகொடுக்கும். அவித்த கௌபியைத் தாளிதத்தோடு அரைகுறையாக மசித்தால், மெக்சிக்கோக்காரர் வைக்கும் அவரை மசியலுக்கு மிக நெருங்கிய சுவை வரும். முட்டை இல்லாத குறை தெரியாது.

சம்பலில்தான் பலர் வழுக்குவார்கள். பச்சைத் தேங்காய்ச் சம்பல் கொழும்பு வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நம்பக்கூடியதல்ல. அதை வீட்டு மேசைக்கு வைத்துக்கொள்ளலாம். கட்டிக்கொண்டு போகிற சுருளுக்குச் சீனிச் சம்பல்தான் சரி: வெங்காயம் நன்றாக வதங்கி நீர் வற்றியிருக்கும், புளியும் சீனியும் சேர்ந்திருக்கும். ஆனால் முட்டையும் மீனும் உள்ளே இருந்தால் சம்பல் காப்பாற்றாது. ஆறவைத்த சுருளை வேலையிடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே வழி. பாடசாலைப் பெட்டிக்கு, முதல் இடைவேளைக்குள் சாப்பிட்டு முடிகிற அளவில், கிழங்கும் சீனிச் சம்பலும் மட்டும் வைத்தால் போதும்.

சுற்றும்போது நடுவிலிருந்து சற்றுக் கீழே ஒரு கைப்பிடி அளவு வைத்து, இரு பக்கத்தையும் உள்ளே மடித்துப் பிறகு இறுக்கி உருட்ட வேண்டும். மடிப்பு கீழே இருக்கும்படி கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பத்துச் சுருள் செய்து உறையவைப்பவர்கள் பச்சை வெங்காயம், தக்காளி, சம்பல் எதையும் உள்ளே வைக்கக்கூடாது. சாப்பிடுவதற்கு முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் மூடிய தாச்சியில் இளஞ்சூட்டில் நடு வரை நன்றாகச் சுடும்படி திருப்பித் திருப்பி வைத்தால் போதும். கட்டச் சம்பலைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.