குடியை விடத் துணை தேடும் வீடுகளுக்கு

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களை வாங்கியது. அதன் பிறகு விழுப்புரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் "இனிமே தொடமாட்டேன்" என்ற பேச்சு கேட்டிருக்கும். அந்தப் பேச்சைத் தனி ஆளாகக் காப்பாற்றுவது கடினம். துணை தேடுகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதல் படி மருத்துவர். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் உடம்பில் பூச்சி ஊர்கிறது, யாரோ நிற்கிறார்கள் என்று பிதற்றலாம். இது உயிருக்கே ஆபத்து. வலிப்பு வந்தால் உடனே 108. தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். நாள்பட்டுக் குடித்தவருக்கு பி1 வைட்டமின் முதலில் தேவை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. திண்டிவனத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி போகும் வழியில் கோரிமேடு ஜிப்மர். எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

2. 'ஏ.ஏ.' என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. இது 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். இந்தியாவுக்கு 1957இல் வந்தது. கட்டணமோ விண்ணப்பமோ கிடையாது. ஊர், சாதி, வேலை எதுவும் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

3. ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் தேடலாம். இடமும் கிழமையும் மாறக்கூடியவை, ஆகவே கிளம்பும் முன் ஒரு போன் போட்டு விடுங்கள். தமிழில் நடக்கிறதா, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். முடியும் நேரத்தைக் கடைசி பஸ்ஸோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

4. "தெரிஞ்சவங்க பாத்துட்டா?" பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் கேள்வி இதுதான். திண்டிவனத்துக்காரர் விழுப்புரத்துக்கும், விழுப்புரத்துக்காரர் வெளியூருக்கும் போகலாமே! எதுவும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். புதுச்சேரிக்குப் போவதானால் மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினாலே மதுக்கடைதான். கூட்டத்து நண்பர் ஒருவரை நிறுத்தத்துக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

5. முதல் நாள் பேச வேண்டியதில்லை. "இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேன்" என்றால் போதும். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போய்ப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

6. திரும்பும்போது இரண்டு மூன்று பேருடைய போன் எண் கையில் இருக்கட்டும். என்னைக் கேட்டால் கூட்டத்தைவிடவும் உதவுவது இதுதான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது; அதற்கு முன்பே, மனம் அலைபாயத் தொடங்கும்போதே அவர்களிடம் பேச வேண்டும், குடித்த பிறகு அல்ல.

7. ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாதவர்கள், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர்கள் நம்மிடையே நிறைய. அந்தக் கட்டுப்பாடு பெரிய விஷயம், குறைத்துப் பேசக் கூடாது. ஆபத்து மாலையைக் கழற்றும் நாளில் இருக்கிறது. விரத நாட்களிலேயே கூட்டத்துக்குப் போகப் பழகிவிட்டால் அந்த நாளில் தனியாக நிற்க வேண்டியிராது.

8. "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்ற சுவரொட்டிகளை நம்பி எதையும் சாம்பாரில் கலக்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, மருத்துவர் சொல்லி மட்டுமே தர வேண்டும்.

9. மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதானால் அரசு உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். நோயாளியை எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் ஓர் இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டது நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான். அடித்துக் கட்டிப்போட்டுத் திருத்துவது சிகிச்சை ஆகாது.

10. வீட்டில் இருப்பவர்களுக்கும் துணை வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான், குடும்பத்தாருக்கானது. வீட்டுக்காரர் குடிப்பதற்கு நீங்கள் காரணமில்லை, அம்மா. அவர் வேலைக்குப் போகாத நாளில் "காய்ச்சல்" என்று அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்றும் துருவாதீர்கள். அங்கே கேட்டது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

11. இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று முகம் தூக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குக் கிளப்பி விடுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.

12. செஞ்சி, மரக்காணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாலையில் வந்து திரும்ப முடியாதவர்களுக்கும், வெளியே போகத் தயங்கும் பெண்களுக்கும் செல்போன் வழியாக நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. தமிழில் எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்து வையுங்கள். இரவில் மனம் உடைந்து போனால் மனநல உதவிக்கு 14416.