'மஸ்ற் நொற்', 'நீட் நொற்': எது எங்கே?

மோடல் துணைவினைகளில் மாணவர்கள் அதிகம் இடறும் இடம் இது. 'யூ மஸ்ற் கம்' என்றால் 'நீ வர வேண்டும்'. 'வரத் தேவையில்லை' என எழுத விரும்பும் மாணவர் உடனே ஒரு 'நொற்' சேர்த்து, 'யூ மஸ்ற் நொற் கம்' என்று எழுதிவிடுவார். அதன் பொருளோ 'நீ வரக்கூடாது'! நண்பனைப் பிறந்தநாளுக்கு அழைக்கும் கடிதத்தில் இப்படி எழுதினால் அவன் என்ன நினைப்பான்?

'கூடாது' எனத் தடுப்பதற்கு 'மஸ்ற் நொற்'. 'தேவையில்லை' என்பதற்கு 'நீட் நொற்' அல்லது 'டோன்ற் ஹாவ் ரு'. வைத்தியசாலைச் சுவரில் 'யூ மஸ்ற் நொற் ஸ்மோக் ஹியர்' என்று இருப்பது தடை. அங்கே 'நீட் நொற்' என்று போட்டால், விரும்பியவர் புகைக்கலாம் என்றாகிவிடும்.

'மஸ்ற்' இற்குப் பின் 'ரு' வராது. 'மஸ்ற் ரு கோ' பிழை. 'ஹி', 'ஷி' வந்தாலும் 'ஸ்' சேராது. இறந்தகாலத்தில் 'ஹாட் ரு', எதிர்மறையில் 'டிடின்ற் ஹாவ் ரு'.

பயிற்சி: ஆங்கிலத்தில் எழுதுக.

1. இந்தக் கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது.
2. நாளை விடுமுறை; நீ பாடசாலைக்குச் செல்லத் தேவையில்லை.
3. நேற்று அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.