மலை மறைவில் எழும் காற்றலைகள்

வீசும் காற்றிற்கு மலையே அரண் என்பது உலகோர் பொதுவாகக் கொண்ட எண்ணம். சுவர் மறைவில் வைத்த விளக்கு அணையாது நிற்றலைக் கண்டு பழகிய நாம், மலை மறைவும் அத்தகைய அமைதியுடையதே எனக் கருதுகின்றோம். ஆயின் சில காலங்களில், சில மலைகளின் மறைவுப் பக்கத்திலேதான் காற்று மிகக் கடுமையாக இறங்கி வீசுகின்றது. அதற்கு மேலே வானத்தில், யந்திரம் ஒன்றுமில்லாத விமானத்தை எவரெஸ்டு சிகரத்தினும் உயரத் தூக்கவல்ல மேலெழு காற்றும் உளது. இவ்விரண்டும் ஒரு காரணத்தாற் பிறப்பன. அக்காரணம் யாது, அதனை மக்கள் கண்டறிந்தது எவ்வாறு, கிளைடர் எனப்படும் யந்திரமற்ற விமானத்தை ஓட்டுவோர் அதனைப் பயன்கொள்வது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஓடும் ஆற்றின் அடியில் ஒரு பாறை கிடப்பதாகக் கொள்வோம். நீர் அப்பாறைமேல் ஏறி இறங்கிய அளவில் அமைதியுறுவதில்லை. பாறைக்குக் கீழ்ப்புறத்தே பலமுறை எழுந்தும் தாழ்ந்தும் செல்கின்றது. நீர் ஓடிக்கொண்டேயிருப்பினும், அவ்வலைகள் மாத்திரம் இடம் பெயராது நிற்பதைக் கரையிலிருந்து காணலாம். காற்றின் இயல்பும் இத்தகையதே. மலைமீது மோதும் காற்று மேலே தள்ளப்படும்போது, அழுத்தம் குறைதலால் விரிந்து குளிர்கின்றது. மேகமாகாத காற்று ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் ஏறக்குறைய 10 பாகை சென்டிகிரேடு குளிரும். சூழவுள்ள காற்று உயரத்திற்கேற்ப அத்துணை விரைவாகக் குளிராதிருக்குமாயின், ஏறிவந்த காற்று அயற்காற்றினும் குளிர்ந்து கனத்திருக்கும்; ஆதலின் மலையைக் கடந்தவுடன் கீழே இறங்கும். இறங்கும் வேகத்தில் தன் பழைய மட்டத்தையும் கடந்து தாழும். அங்கே அழுத்தத்தாற் சுருங்கிச் சூடேறி, அயற்காற்றினும் இலேசாகி மீண்டும் எழும். இவ்வாறு ஊசற்குண்டு போல ஏறுவதும் இறங்குவதுமாகச் செல்லும் காற்றே மலை மறைவில் அலைகளாக அமைகின்றது.

இவ்வலையின் நீளத்தை எளிதிற் கணக்கிடலாம். காற்று ஒருமுறை ஏறி இறங்கி மீள 500 வினாடி ஆகின்றது எனவும், அது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசுகின்றது எனவும் கொள்வோம். அக்காலத்துள் அது கடக்கும் தூரம் 10,000 மீட்டர். எனவே ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே 10 கிலோமீட்டர் இருக்கும். காற்றின் வேகம் மிகுந்தால் அலையும் நீளும். மலையோ அசைவதில்லை, ஆதலின் அலையும் மலையோடு கட்டுண்டதுபோல ஓரிடத்தே நிற்கின்றது.

எல்லா மலைகளிலும் எல்லா நாளும் அலை எழுவதில்லை. அதற்கு மூன்று அமைதிகள் வேண்டும். முதலாவது, மலை முகட்டின் உயரத்தை ஒட்டி, மேலும் கீழும் எளிதிற் கலவாத உறுதியான காற்றடுக்கு ஒன்று இருத்தல் வேண்டும். இரண்டாவது, காற்று மலைத்தொடருக்கு ஏறக்குறையக் குறுக்காக, முகட்டில் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வீசுதல் வேண்டும். மூன்றாவது, மேலே செல்லச் செல்லக் காற்றின் திசை மாறாது, வேகம் மட்டும் மிகுதல் நன்று. தனிக்குன்றினும் நீண்ட மலைத்தொடரே சிறந்தது. அதிலும் மறைவுப் பக்கம் செங்குத்தாயிருப்பின் அலை வலிமை பெறும்.

இனி, மலையடியில் வீசும் கடுங்காற்றை நோக்குவோம். ஏரி நிரம்பிக் கலிங்கின் வழியாக நீர் வழியுங்கால், கலிங்கின் மேலே மெல்லச் செல்லும் நீர் சரிவில் மெல்லிய படலமாகி விரைந்து பாய்கின்றது. அடியிற் சென்று சேர்ந்தவுடன் கொந்தளித்துத் துள்ளி எழுகின்றது. மலைச் சரிவில் இறங்கும் காற்றும் சில வேளைகளில் இங்ஙனமே விரைவுறும். இங்கிலாந்தில் கிராஸ் பெல் மலையின் மேற்குச் சரிவில் இறங்கும் காற்றை அந்நாட்டார் ஹெல்ம் காற்று என்பர். ஆட்ரியாடிக் கடற்கரையிலே போரா, ஆல்ப்ஸ் மலைப்புறத்திலே போன், ராக்கி மலைகளின் கிழக்கிலே சினூக் என இத்தகைய இறங்கு காற்றுகள் பல பெயர் பெற்றுள்ளன. 1972 ஜனவரி 11-ஆம் நாள் அமெரிக்காவின் போல்டர் நகரில் இறங்கிய காற்று மணிக்கு 160 கிலோமீட்டரினும் மிக்க வேகத்தோடு வீசியது. அன்று விமானங்கள் அவ்விடத்து வானிற் பறந்து எடுத்த அளவுகள், இத்துறையின் ஆராய்ச்சிக்கு இன்றும் அடிப்படையாக விளங்குகின்றன.

நிற்க. கண்ணுக்குப் புலனாகாத காற்றலையை அறிவது எப்படி? மேகங்களே அதற்கு அடையாளம். காற்று முகட்டை நோக்கி ஏறுங்கால் அதன் ஈரம் மேகமாகின்றது. முகட்டைக் கடந்து இறங்குங்கால் அம்மேகம் கரைகின்றது. ஆதலின் பூதக்கண்ணாடியின் வில்லை போன்ற வடிவுடைய மேகம் ஒன்று, பெருங்காற்று வீசியும் நகராது அங்கேயே நிற்கும். உண்மையில் அது நிற்கும் மேகமன்று. முன்விளிம்பிற் கணந்தோறும் பிறந்து, பின்விளிம்பிற் கணந்தோறும் அழிந்துகொண்டிருப்பது. அதற்குக் கீழே, மலைமட்டத்தை ஒட்டிக் கந்தை கந்தையாகக் கிழிந்த மேகவரிசை ஒன்று உருளும். அதுவே ரோட்டர் எனப்படும் சுழற்காற்றின் இருப்பிடம்.

ஜெர்மனியின் கீழ்ப்பாகத்தில், அக்காலத்துச் சைலீசியா நாட்டு ரீசன்கெபிர்கே மலைப்புறத்து மக்கள், இவ்வாறு நிலைத்து நிற்கும் ஒரு மேகத்தை நெடுங்காலம் அறிந்திருந்தனர். மோட்ஸ் காட்லீப் என்னும் ஓர் உழவன் பெயரால் அதனை மோயாட்சாகோட்ல் என அழைத்தனர் என்ப. அதன் காரணத்தை மட்டும் எவரும் தெளிய அறிந்திலர். 1933-ஆம் ஆண்டிலே உல்ப் ஹிர்த், ஹான்ஸ் டாய்ச்மான் என்னும் இரு கிளைடர் ஓட்டிகள் அம்மலை மறைவிற் பறக்குங்கால், காற்று இறங்கவேண்டும் என எண்ணிய இடத்தில் தம் விமானம் அமைதியாக மேலேறக் கண்டனர். பின்னர் யோவாகிம் கூட்னர் என்பார் அவ்வலையை முறையாக ஆராய்ந்தார். கிளைடர்களிற் பொருத்திய பதிகருவிகளைக் கொண்டு, காற்று எங்கெங்கே ஏறுகின்றது, எங்கெங்கே இறங்குகின்றது என அவர் கண்டு எழுதினார். இங்ஙனம் விளையாட்டாகத் தொடங்கிய பறத்தல் ஒரு விஞ்ஞானக் கருவியாயிற்று.

கிளைடர் என்பது காற்றினூடே எப்பொழுதும் கீழ்நோக்கியே சறுக்கிச் செல்வது. அமைதியான காற்றில் நல்ல கிளைடர் வினாடிக்கு ஒரு மீட்டரினும் குறைவாகவே தாழும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீதம் எழுமாயின், கிளைடர் தாழ்ந்துகொண்டே 4 மீட்டர் உயரும். மலை மறைவிற் பறக்க விரும்புவோன், யந்திர விமானம் ஒன்றினாற் கயிறு கட்டி இழுக்கப்பட்டுச் செல்கின்றான். வழியிலே ரோட்டரின் கொந்தளிப்பைப் பொறுத்தல் வேண்டும். அதனைக் கடந்து அலையின் எழுபக்கத்தை அடைந்தவுடன் அனைத்தும் மாறிவிடும். ஆட்டமும் அதிர்வும் ஒழிந்து, விமானம் பட்டின்மேற் செல்வதுபோற் செல்லும். கயிற்றை விடுத்த ஓட்டி, விமானத்தைக் காற்றிற்கு எதிராக நிறுத்துகின்றான். விமானத்தின் வேகமும் காற்றின் வேகமும் ஒத்திருப்பின், தரையிலிருந்து பார்ப்போர்க்கு அஃது ஓரிடத்தே நின்றபடி உயர்வதாகத் தோன்றும். மலைத்தொடருக்கு இணையாக அலையின்மீதே சென்றால் நெடுந்தூரமும் கடக்கலாம். 2003 ஜனவரி 21-ஆம் நாள் கிளாஸ் ஓல்மான் என்பார் அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலையலைகளைப் பற்றி ஒரே நாளில் 3,009 கிலோமீட்டர் பறந்தார்.

உயரத்தின் வரலாறு இன்னும் வியப்புடையது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர், மேற்கே மெல்லச் சரிந்தும், கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கை நோக்கிச் செங்குத்தாக வீழ்ந்தும் கிடப்பது. 1951, 1952-ஆம் ஆண்டுகளில் கூட்னர் முதலிய விஞ்ஞானிகள் அங்கே கூடி அலையை ஆராய்ந்தனர். 1952 மார்ச்சு 19-ஆம் நாள் லாரி எட்கர், ஹெரால்டு கிளீபோர்த் இருவரும் ஒரு கிளைடரில் 44,255 அடி உயர்ந்தனர். 1961-ல் பால் பிக்கிள் 46,267 அடியை எய்தினார். 2006-ல் ஸ்டீவ் பாசெட்டும் ஐனார் எனவோல்ட்சனும் அர்ஜென்டினாவில் 50,000 அடிக்கு மேற் சென்றனர். 2018 செப்டம்பரில் ஜிம் பெய்ன், டிம் கார்ட்னர் இருவரும் பெர்லான் என்னும் கிளைடரில் அவ்விடத்தே 74,000 அடியையும் கடந்தனர். குளிர்காலத்தில் தென்துருவத்தைச் சுற்றி மேல்வானில் வீசும் பெருங்காற்று, மலையலை அத்துணை உயரம் செல்ல இடந்தருகின்றது.

இப்பயன் எளிதிற் கிடைப்பதன்று. மேல்வானிற் பிராணவாயு மிக அருகியிருத்தலின், கருவியின்றிச் செல்வோன் தன்னையறியாமலே மயங்கிச் சாவான். குளிரோ உறைநிலைக்கு 50 பாகையினும் கீழாகும். கீழே மேகம் கூடி அடைத்துவிட்டால் இறங்கும் வழியும் மறையும். எல்லாவற்றினும் கொடியது ரோட்டரே. மேற்கூறிய லாரி எட்கர் 1955 ஏப்ரல் 25-ஆம் நாள் அதே பள்ளத்தாக்கில் ஆராய்ச்சிக்காகப் பறக்கையில், அவர்தம் கிளைடர் ரோட்டரில் அகப்பட்டு நொறுங்கியது. அவர் வெளியே எறியப்பட்டு, பாரசூட்டினால் உயிர் பிழைத்தார். மூன்று ஆண்டுகட்குமுன் அதே அலைமேல் ஏறி வெற்றி கண்டவர் அவர் என்பதை நாம் நினைத்தல் வேண்டும். பழக்கம் ஒன்றே காவலாகாது.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1966 மார்ச்சு 5-ஆம் நாள் தோக்கியோவிலிருந்து ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட போயிங் 707 விமானம் ஒன்று, தெளிந்த வானில் பூஜி மலையின் மறைவுப் பக்கத்தே சிதறி வீழ்ந்தது. அதிலிருந்த 124 பேரும் மாண்டனர். மலையைக் கடந்த காற்றின் கொடிய கொந்தளிப்பே காரணம் என விசாரணை செய்தோர் முடிவு கூறினர். இக்காலத்தில் வானிலை நிலையத்தார் வலிய மலையலை எழும் இடங்களை விமானிகட்கு அறிவித்து எச்சரிக்கின்றனர். கிளைடர் ஓட்டிகள் தம் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அறிவும் அவ்வெச்சரிக்கையுட் கலந்துள்ளது.

ஆகவே, மலை மறைவு அமைதியானது என்னும் பொது எண்ணம் எங்கும் பொருந்துவதன்று எனத் தெளிகின்றோம். சரிவில் வீடுகளை அலைக்கும் காற்றும், வானில் மனிதனைத் தூக்கும் காற்றும், விமானத்தை நொறுக்கும் காற்றும் ஓரலையின் வேறு வேறு பாகங்களே. எந்தப் பாகத்தில் நாம் நிற்கின்றோம் என்று அறிந்தவனுக்கே அது துணையாகும். நம் மாணவர் இனி மலையருகே செல்லுங்கால், காற்று வீசியும் நகராத மேகம் ஏதேனும் உளதோ என அண்ணாந்து நோக்குவாராக. அஃது அங்கே உளதாயின், நாம் கண்ணாற் காணவியலாத காற்றாறு ஒன்று அவ்விடத்தே எழுந்து தாழ்கின்றது என்று அறிக.