மணிக்கட்டுக் கயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைக் காலையிலிருந்து நாலைந்து முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். பின்னால் வெளுக்கிற வானம், மடியின் குறுக்கே கிடக்கும் வஞ்சிரம், காது வரை எட்டும் சிரிப்பு. ஏழு கிலோ என்று எழுதியிருந்தாய். காயாக்கில் தனியாய்ப் போய் முதல் வஞ்சிரம் எடுத்தவனின் மகிழ்ச்சி எனக்குத் தெரியும். அதில் ஒரு துளியையும் நான் குறைக்க விரும்பவில்லை.

ஆனால் என் கண் அந்த மீனின் வாயோரத்தில் தொங்கும் செயற்கை இரையில், அந்த லூரில் போய் நின்றுவிட்டது. அதில் இரண்டு முள்கொத்துகள். ஒன்று மீனின் தாடையில் ஏறியிருக்கிறது. மற்றொன்று உன் தொடைக்கு நாலு விரற்கடை மேலே ஆடிக்கொண்டிருக்கிறது. வால் வளைந்து விறைத்திருக்கிறது, ஆகவே மீன் இன்னும் சாகவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் ஜிப் திறந்து கிடக்கிறது. மீனைக் கொக்கிபோட்டுத் தூக்கும் கேஃபின் கயிறு உன் மணிக்கட்டில் இரண்டு சுற்று. அந்த வால் ஒருமுறை ஓங்கி அடித்திருந்தால் இந்தப் படம் எனக்கு வந்திருக்காது. இப்போதெல்லாம் காரின் மேல் காயாக்கைக் கட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

என் இடது முன்கையில் இருக்கும் தழும்பைப் பற்றி நீ கேட்டிருக்கிறாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதக் காலை. கொண்டல் இன்னும் எழவில்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கடலடிப் பாரின் மேல் ஒரு கடல் விரால் கடித்தது. மேலிருந்து பார்த்தால் சுறாவோ என்று ஐயம் வரும், அப்படியொரு பழுப்பு உடல், தட்டைத் தலை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சொன்ன பேச்சைக் கேட்பதுபோல் காயாக்கின் பக்கத்தில் வந்து நின்றது. பன்னிரண்டு கிலோ இருக்கும். அது களைத்து வரவில்லை, என்னவென்று பார்க்க வந்திருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. கடல் விராலின் குணமே அது. படகருகே சாதுவாக வரும், கேஃப் ஏறிய பிறகுதான் தன் பலத்தைக் காட்டும். நான் கேஃபைப் போட்டேன். கயிறு என் மணிக்கட்டில் இருந்தது, இப்போது உன் படத்தில் இருப்பதுபோலவே. மீன் கீழே பாய்ந்தது. கையைத் தொடர்ந்து தோள் போனது, தோளைத் தொடர்ந்து தலை போனது, காயாக் கவிழ்ந்தது. தண்ணீருக்கடியில் மீனும் நானும் ஒரே கயிற்றில். கேஃபின் கூர் மீனிலிருந்து கழன்று என் கையைக் கிழித்த பிறகுதான் விடுதலை. துடுப்பும் ராடும் போயின. அந்தப் பக்கம் வந்த ஃபைபர் படகுக்காரர்கள் என்னைத் தூக்கினார்கள். ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டியிருந்ததால் இதை எழுத நான் இருக்கிறேன்.

பெரிய மீனோடு நடக்கும் போராட்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அது அரைமணி நேரம் ஓடினாலும் உன்னைக் கொல்வது அபூர்வம். மீன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பின்னான அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆபத்தெல்லாம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் உனக்கு மிக வேண்டியது பலம் அல்ல, விட்டுவிட முடிவது. உன்னையும் மீனையும் பிணைக்கும் எதுவாயினும், விரல் திறந்தால் அது போய்விட வேண்டும். அப்படிப் போகாத ஒன்று உன் ஓடத்தில் இருந்தால் மீன் கடிக்கும்முன்பே அதைக் கழற்றிவிடு.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு கட்டுமரக்காரர். உன் வயதுப் பிள்ளைகள் கட்டுமரத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின, அல்பீசியா மரங்களைச் சேர்த்துக் கட்டிய பழைய மரங்கள் அரிதாகிவிட்டன. அதில் ஆணி கிடையாது, கயிறுதான். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போட்டுவிட்டு, அடுத்த நாள் மறுபடி கட்டுவார்கள். நம் காயாக்கைப் போலவே அதுவும் தண்ணீரின் மட்டத்தில் கிடப்பது, அலை மேலே ஏறி இறங்குவது, உட்கார்ந்தவனைத் தடுக்க விளிம்பு இல்லாதது. அதன் மேல் மண்டியிட்டு வெறும் கைநரம்பில் பெரிய பாரையும் சூரையும் எடுத்தவர் அவர். நரம்பைக் கையில் சுற்றி நான் பார்த்ததே இல்லை. விரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொண்டு, இழுக்கும்போது இழுத்து, ஓடும்போது ஓடவிடுவார். வந்த நரம்பு காலடியில் சேராமல் ஒரு பக்கமாய் வளையம் வளையமாய் விழும். அந்த வளையத்துக்குள் யார் காலையும் வைக்க விடமாட்டார்.

காயாக்கை உலகுக்குத் தந்த வடதுருவப் பகுதி மக்களும் இதையே வேறு விதமாய்க் கண்டிருந்தார்கள். கிரீன்லாந்தின் இன்யூட் வேட்டைக்காரர்கள் கடல்நாயைத் தேடிப் போன ஓடம் அது. எறியீட்டியின் கயிறு வேட்டைக்காரனின் முன்னால் ஒரு தட்டில் சுருளாய் இருக்கும். அதன் மறுமுனையை இடுப்பிலோ ஓடத்திலோ கட்டமாட்டார்கள், பின்தளத்தில் காற்றடைத்து வைத்த தோல் மிதவையில் கட்டுவார்கள். ஈட்டி பாய்ந்ததும் மிதவையைக் கடலில் தள்ளிவிடுவார்கள். கடல்நாய் மிதவையை இழுத்துக்கொண்டு ஓடிக் களைக்கும், வேட்டைக்காரன் பின்னாலேயே போவான். அப்படியும் கயிறு சிக்கிக் கவிழ்ந்தவர்கள் உண்டு. கவிழ்ந்த ஓடத்தைத் தண்ணீருக்குள்ளிருந்தே புரட்டி நிமிர்த்தும் முறைகளை அவர்கள் அத்தனை விதமாய்ப் பழகியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

இனி உன் மீனுக்கு வருவோம்.

மீன் ஓடும்போது ராட் முனை காயாக்கின் மூக்குப் பக்கமே இருக்கட்டும். இழுவை பக்கவாட்டில் வந்தால் ஓடம் சாயும். மூக்கில் வந்தால் ஓடம் திரும்பி மீனின் பின்னால் போகும். போகட்டும். உன்னையும் ஓடத்தையும் இழுக்க இழுக்க மீன்தான் களைக்கிறது. அடியில் புகுந்து மறுபக்கம் போனால் ராடை வளைத்துப் பிடித்து முறித்துக்கொள்ளாதே. முனையைத் தண்ணீருக்குள் விட்டு மூக்கைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோ. ரீலின் இறுக்கம், அதாவது டிராக், நரம்பின் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போதும். மீன் பக்கத்தில் வந்ததும் எல்லாரும் அதை இறுக்குவார்கள். நீ ஒரு சிறிது தளர்த்து. கடைசிப் பாய்ச்சலில் ஓட நரம்பு இருந்தால் ஓடம் தப்பும்.

நரம்பின் முனையில் கட்டும் லீடர் உன் ராடைவிட நீளமாயிருந்தால் மீன் கைக்கெட்டாமல் முனையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்கத்தான் நீ எட்டுவாய். எட்டினால் கவிழ்வாய். நான் கண்ட கவிழ்ப்புகளில் பாதி அலையால் வந்தவையல்ல, எட்டிப் பார்த்ததால் வந்தவை. தலை ஓடத்தின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. மீன் வலப்பக்கம் இருந்தால் இடது காலை இடப்பக்கத் தண்ணீரில் தொங்கவிடு, துலாக்கோலின் மறுதட்டுப்போல அது உன்னைத் தாங்கும்.

எப்போது எடுப்பது? மீன் வட்டமடிப்பதைவிட்டு, ஒருக்களித்து வயிற்றைக் காட்டி, ராடைத் தூக்கினால் தலை தண்ணீருக்கு மேல் வந்து அப்படியே நிற்கும்வரை பொறு. கடல் விராலை நம்பாதே, அதை இரண்டு முறை வேண்டுமென்றே ஓடவிடு. கேஃப் பிடிக்கும் கைப்பக்கத்தில் துடுப்பு, இன்னொரு ராட், தொங்கும் கயிறு எதுவும் இருக்கக் கூடாது. கேஃபை லீடருக்கு மேலே வீசாதே, தடுமாறினால் நரம்பை அறுப்பாய். தலைக்குப் பின்னே, முதுகின் தடித்த சதையில், உன்னை நோக்கி ஒரே இழுப்பு. தவறினால் திரும்பக் குத்தாமல் கையை எடு, மீனை இன்னொரு வட்டம் போக விடு. லீடரைப் பிடிக்க நேர்ந்தால் உள்ளங்கையில் அழுத்திப் பிடி. சுற்றிவிடாதே.

மாட்டிய மீனை உடனே உள்ளே இழுக்காதே என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. தலையை ஓடத்தின் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தபடி, கண்களுக்கு நடுவே சற்று மேலாகக் குட்டைத் தடியால் ஓங்கி ஒன்று போடு. ஜப்பானிய மீனவர்கள் அந்த இடத்தில் கூரான ஊசியை மூளையில் இறக்குவார்கள், இகே ஜிமே என்று பெயர். எதைச் செய்தாலும் ஒரே முறையில் முடி. துடிக்கத் துடிக்க மடியில் போட்டுக்கொள்வது உனக்கும் ஆபத்து, மீனுக்கும் வதை. அதன் உயிரை எடுப்பதென்று முடிவு செய்தவன் விரைவாய் எடுக்கக் கடன்பட்டவன் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

உடல் ஒருமுறை நடுங்கித் தளர்ந்ததும் வாலில் ஒரு சுருக்குக் கயிற்றைப் போடு. அதன் மறுமுனை ஓடத்தில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாய் இருக்கட்டும். பிறகு மீனைக் காலுக்கு மேலாக வழுக்கி, வாய் முன்பக்கம் பார்க்கும்படி இழுத்துக்கொள். செத்த வஞ்சிரத்தின் பல்லும் சவரக்கத்திதான். லூரைக் கழற்றும் ஆசை வரும். வேண்டாம். லீடரை வெட்டு, லூர் வாயிலேயே இருக்கட்டும், மேலே ஈரச் சாக்கைப் போடு, கரையில் கழற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனதும் உன் லூர்களிலுள்ள முள்கொத்துகளை எடுத்துவிட்டு ஒற்றை முள் மாட்டு, முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கு. கைக்குள் ஏறிய முள்ளை அங்கேயே வெட்ட, கெட்டிக் கம்பி அறுக்கும் கட்டரும் ஜாக்கெட் பையில் ஒரு கத்தியும் எப்போதும் இருக்கட்டும்.

செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிடு, வடிந்ததும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடு. மீனைக் கயிற்றில் கோத்துப் பக்கத்தில் இழுத்து வருவது சுறாவுக்கு வைக்கும் விருந்து. ஐஸ் போட்ட பையில், ஓடத்தின் நடுவே, தாழ்வாக வை. சூரையும் வஞ்சிரமும் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். குழம்பில் எத்தனை கொதித்தாலும் அது போகாது, சாப்பிட்டவர் முகம் சிவந்து தலை வலித்துப் படுப்பார். ஐஸ் எடுக்காத நாளில் பெரிய மீனுக்குத் தூண்டில் போடுவதே தவறு.

காயாக்கில் ஏற்றக் கூடாத மீன்களும் உண்டு. மயில் மீன் கடித்தால் அதைத் தண்ணீரிலேயே வைத்து, அலகு உன் முகத்துக்கு நேரே வராமல் பார்த்துக்கொண்டு, நீண்ட மூக்குக் குறடால் முள்ளை எடு. முடியாவிட்டால் முள்ளுக்கு அருகே நரம்பை வெட்டு. விடப்போகும் மீனைக் கேஃபால் தொடாதே, அரைமணி நேரம் ஆட்டம் காட்டி அதன் உயிரை உறிஞ்சவும் செய்யாதே. சுறாவுக்கும் திருக்கைக்கும் அதே வழி. வேளா சுறாவையும் உழுவை மீனில் சில இனங்களையும் பிடிப்பது 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றமும்கூட.

மீன் பைக்குள் போனதும் வேலை முடிந்துவிட்டதாக மனம் சொல்லும். நம் கரையில் பாதி வேலை இனிமேல்தான். சென்னைக்குத் தெற்கே அலை செங்குத்தாய் எழுந்து மணலிலேயே உடைகிறது. வடகிழக்குப் பருவத்தில் அந்தப் பக்கமே போகாதே. மற்ற நாள்களிலும் அலைக்கு வெளியே நின்று ராடுகளைப் படுக்க வைத்துக் கட்டு, முள் ஒன்றும் வெளியே நீட்டாதபடி பார், மீன் பையின் பட்டியை இறுக்கு. பாரம் சமன் இல்லாத ஓடத்தை அலை குறுக்கே திருப்பிவிடும். பெரிய அலைகள் போனபின் சிற்றலையின் முதுகில் வா. குதிக்க நேர்ந்தால் கடல் பக்கம் குதி. ஓடத்துக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதே. தண்ணீர் நிரம்பிய காயாக்கை அலை தூக்கி அடித்தால் கால் எலும்பு தாங்காது.

கடலோரக் காவல் படையின் 1554 எண் உன் போனில் இருக்கட்டும், போன் நீர்புகாப் பையில் உன் உடம்போடு இருக்கட்டும், ஓடத்தோடு அல்ல. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போ. அம்மாவுக்குச் சொல்ல மனமில்லையென்றால் எனக்குச் சொல்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் கரையில் இருப்பேன். ராடை எடுத்து வராதே. இடுப்பளவு தண்ணீரில் பத்து முறை கவிழ்ந்து பத்து முறை ஏறிப் பழகலாம். பிறகு வாளியில் மணல் நிரப்பிக் கயிற்றில் கட்டி, அதை மீனென்று வைத்துக்கொண்டு பக்கத்தில் தூக்கிப் பார்ப்போம், தலை எவ்வளவு சாய்ந்தால் ஓடம் என்ன செய்கிறதென்று உன் உடம்புக்கே தெரியட்டும். கேஃபை மட்டும் கொண்டு வா. அதன் மணிக்கட்டுக் கயிற்றை இன்றிரவே அறுத்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்